தட்டிவிட்ட பாலாடை

தட்டிவிட்டாள்தான். இல்லை என்று யார் சொன்னது? புருஷனுடைய அண்ணன் கையிலிருந்த பாலை, ஆஸ்பத்திரி வார்டில், நாலு பேர் பார்க்கச் சங்கமித்ரா தட்டிவிட்டாள். பால் புகட்டும் பித்தளைப் பாலாடை உருண்டுபோய் அடுத்த கட்டிலின் காலில் முட்டி நின்றது. அதுவரை நீங்கள் சொல்வது சரி. அதற்கு மேல் சேர்த்துக்கொண்டதெல்லாம் ஜோகுபாளையம் குழாயடியில் விளைந்தது.

கட்டினவனைப் பட்டினி போட்டுக் கொல்லப் பார்த்தாள் என்று ஒருத்தி. சாகிறவனை நிம்மதியாகச் சாகவிடாமல் மூக்கில் குழாயைச் செருகி இழுத்துப் பிடித்தாள் என்று இன்னொருத்தி. இரண்டு பேரும் ஒரே வரிசையில் குடத்தை வைத்துக்கொண்டு, ஒருத்தி பேச்சுக்கு ஒருத்தி தலையாட்டினார்கள். கொல்லப் பார்த்தவள் எப்படிச் சாகவிடாமல் பிடிப்பாள் என்று கேட்க ஒருத்திக்கும் தோன்றவில்லை. உலைவாயை மூடலாம், ஊர்வாய்க்கு மூடி எங்கே கிடைக்கும்? சங்கமித்ரா மூடப் பார்க்கவும் இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குழாயடியே வாயடைத்துப் போயிருக்கும். அவள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைக் கேட்பதானால் முழுக்கக் கேளுங்கள். நடுவில் எழுந்து போய்ப் பாதியை வைத்துக்கொண்டு பேசாதீர்கள்.

அவள் சந்தேகப் பிராணி. அதை மறைப்பானேன்? பால் வாங்கினால் மோந்து பார்ப்பாள். தேங்காயைத் தட்டுவாள், ஆட்டுவாள், மறுபடி தட்டுவாள். கேஸ் சிலிண்டர் வந்தால் கொண்டுவந்தவன் முன்னாலேயே சோப்பு நுரை பூசிப் பார்ப்பாள். மீன்காரன் அவள் தெருமுனையில் வருவதைப் பார்த்ததும் மீனின் செவுளைத் தானே தூக்கிக் காட்டுவான். “நீ வந்தா என் தராசுக்கே வேர்க்குதுக்கா” என்பான். “வேர்க்கட்டும். நேரா நிக்குதான்னு மட்டும் பார்த்துக்கோ” என்பாள்.

இந்தக் குணம் அவளாகச் சேர்த்துக்கொண்டதில்லை. கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த லைன் வீட்டில் பிறந்தவள். சுரங்கத்துக்குள் வெடி வைத்து முடித்த பிறகு உள்ளே போகிறவன், முதலில் தலைக்கு மேலிருக்கும் பாறையை இரும்புக் கம்பியால் தட்டிக் கேட்பான். கணீரென்றால் பாறை கெட்டி. பொத்தென்றால் எங்கேயோ விரிசல் விட்டிருக்கிறது. அதைப் பெயர்த்துத் தள்ளாமல் அடியில் தலையை நீட்டக் கூடாது. நேற்றுக் கணீரென்றதே என்று இன்று தட்டாமல் போனவர்களை மேலே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். சங்கமித்ராவின் மாமனார், அவள் வாழ்க்கைப்படுவதற்கு வெகுகாலம் முன்பு, அப்படி மேலே வந்தவர்தான்.

அந்த மாமனாருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் அசோகன் சுரங்கத்திலேயே மேஸ்திரியாக இருந்தவன். இளையவன் குணசேகர், சங்கமித்ராவின் புருஷன். சுரங்கங்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்த காலத்தில் அண்ணனும் தம்பியும் மாரிக்குப்பம் ரயிலேறி பெங்களூருக்கு வந்தார்கள். பழைய மெட்ராஸ் ரோட்டுப் பக்கம் பட்டறை வேலை, ஜோகுபாளையத்தில் ஒரே தெருவில் இரண்டு வீடு. அசோகன் பெண்டாட்டி கோமளம் தன் வாசலில் துளசித் தொட்டி வைத்திருந்தாள். சங்கமித்ரா பிறந்தது புத்தரைக் கும்பிடும் வீடு. அவள் வாசலில் துளசி கிடையாது. அதனால் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. ஆனாலும் துளசியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் காலை, குணசேகர் பட்டறைக்குக் கிளம்பச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தவன், ஒரு கையை மாட்டிவிட்டு அப்படியே நின்றான். இன்னொரு கை எழவில்லை. வாய் கோணிப் போயிருந்தது. பக்கவாதம். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிர் தங்கியது. ஆனால் வலது பக்கத்தோடு பேச்சும் தொண்டையும் விழுந்துவிட்டன. ஒரு வாய் தண்ணீர் விட்டால் வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழலுக்குள் போய், நீலம் பாய்கிற மாதிரி இருமினான். மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்கு இறக்கினார்கள்.

அந்த வார்டில் நோயாளிகள் நிறைய, நர்சுகள் கொஞ்சம். கஞ்சி ஊற்றுவது வீட்டு ஆட்களின் வேலை. சிந்து என்று ஒரு நர்ஸ், தர்மபுரிப் பெண், சங்கமித்ராவைப் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக் கொடுத்தாள்.

“தலை உசரமா இருக்கணும்மா. ஊத்துறப்பவும், ஊத்தி அரை மணி நேரமும். குழாய்ல மையால கோடு போட்டிருக்கேன் பாருங்க, அது மூக்கு ஓரமா இருக்கணும். நகர்ந்திருந்தா ஒரு சொட்டு ஊத்தாதீங்க, என்னைக் கூப்பிடுங்க. சிரிஞ்சால மெதுவா இழுத்தா வயித்துல இருக்கிறது வரணும். கஞ்சிய அமுக்கித் தள்ளாதீங்க, தானா இறங்கட்டும். இருமினா நிறுத்திடுங்க. கடைசியா தண்ணி விட்டுக் கழுவுங்க. வாய் வழியா மட்டும் எதுவுமே கூடாது. புரியுதா?”

“புரியுது சிஸ்டர். குழாய்ல காத்தடிச்சு வயித்துல சத்தம் கேட்டீங்களே, அந்தச் சத்தம் பொய் சொல்லாதா?”

சிந்து காதிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்தாள். “பொய் சொல்லும்தான்மா. அதான் அத மட்டும் நம்புறதில்ல. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டுதான் ஆரம்பிச்சோம்.”

சத்தமும் பொய் சொல்லும் என்று ஒத்துக்கொண்டவள் மேல் சங்கமித்ராவுக்குப் பாதி நம்பிக்கை வந்தது. பாதிதான். அவள் யாருக்கும் முழுசாகக் கொடுத்ததில்லை. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தும் கைப்பிடி உடைந்திருந்தது. அவள் வெளியே போய்ச் செங்கல் தூக்கிவந்து, சுரங்கத்தில் மரமுட்டுக் கொடுப்பது போலக் கட்டில் காலுக்கு முட்டுக் கொடுத்தாள். அதன் மேல் கம்பளியை மடித்துத் தலைக்கு வைத்தாள். கஞ்சியைத் துணியில் வடிகட்டினாள், மோந்தாள், புறங்கையில் விட்டுச் சூடு பார்த்தாள். சிந்து மாத்திரையைப் பொடித்துக்கொண்டு வந்தால், “கை கழுவினீங்களா சிஸ்டர்?” என்றாள்.

“நீங்க என்ன போலீஸாம்மா?”

“போலீஸா இருந்தா இவ்ளோ மரியாதையா கேப்பேனா?”

இவ்வளவு பார்த்தும் சாயங்காலமானால் குணசேகருக்கு நெஞ்சில் களகளவென்று சத்தம். காய்ச்சல் வேறு. டாக்டர் முதுகில் வைத்துக் கேட்டுவிட்டு, நெஞ்சுக்குள் ஏதோ போகிறது, இப்படியே போனால் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து சங்கமித்ராவின் கண்ணுக்கு எல்லாரும் திருடர்கள்.

முதலில் குழாயைச் சந்தேகப்பட்டாள். கோடு வைத்த இடத்தில் இருந்தது. கஞ்சியைச் சந்தேகப்பட்டாள், ஆஸ்பத்திரிக் கஞ்சியை நிறுத்தி, சிந்துவிடம் கேட்டுக்கொண்டு வீட்டிலிருந்து காய்ச்சிக்கொண்டு வந்தாள். களகளப்பு நிற்கவில்லை. ஆயாவைச் சந்தேகப்பட்டாள். கஞ்சி இறங்கின கையோடு துணி மாற்ற ஆளைப் படுக்கவைத்தாளாம். அந்த ஆயா அன்று வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பக்கத்து வார்டிலும் கேட்டார்கள். அப்புறம் சிந்துவையே, அவள் போகிற வருகிற நேரமெல்லாம், தூண் மாதிரி நின்று பார்த்தாள். சிந்து கோபித்துக்கொண்டு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

மூன்றாம் நாள், அவன் முகத்தைத் துடைக்கும்போது, கோணின பக்கத்துக் கன்னத்துக்குள் பச்சையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் எடுத்து மோந்து பார்த்தாள். துளசி.

மூக்கில் குழாய் விட்ட மனிதன் வாயில் துளசி எப்படி வரும்? மத்தியானம் அவள் துணி துவைக்க வீட்டுக்குப் போகும் நேரத்தில் கட்டிலருகே உட்காருகிறவள் கோமளம். துளசித் தொட்டியும் கோமளத்துடையது. வேறென்ன வேண்டும்? நேராகப் போய், துளசி இலையைக் கோமளத்தின் முன்னால் நீட்டினாள்.

“அக்கா, இது உன் தொட்டித் துளசி.”

“துளசில பேரு எழுதிக்கீதா? ஊரே வந்து பறிக்குது.”

“அவரு வாய்க்குள்ள எப்படி வந்துச்சு?”

கோமளத்துக்கு அப்போதுதான் புரிந்தது. “ஏண்டி, நானா? என் கொழுந்தன நானா கொல்லப் பார்ப்பேன்? பெத்த புள்ள மாதிரி பார்த்தேனேடி!”

“பார்த்தது போதும். நாளையிலேருந்து நீ வர வேண்டாம்.”

கோமளம் அழுதுகொண்டே போனது வீட்டுக்குள் அல்ல, எதிர்வீட்டு லட்சுமம்மாவிடம். லட்சுமம்மா நல்லவள்தான். ஆனால் அவள் காதில் ஒன்று போனால் வாய் வழியாக மூன்றாக வரும். “அய்யோ பாவமே! கட்டினவனுக்கு வாய்ல ஒரு சொட்டு விடலியா? விட வந்தவளையும் தொரத்திட்டாளா?” என்று அவள் கன்னத்தில் கை வைத்த இடத்தில்தான் உங்கள் பட்டினிக் கதை பிறந்தது.

மறுநாள் கோமளம் வரவில்லை. சாயங்காலம் பழையபடி களகளவென்றது.

சங்கமித்ரா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டாள். தப்பான பாறையைத் தட்டியிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. நாள் முழுக்க இங்கேயே இருந்தோமே, எப்போது கண்ணெடுத்தோம்? பார்வையாளர் நேரத்தில் கீழே போய் பிளாஸ்க்கில் வெந்நீர் பிடித்து வருவாள். அந்த நேரம் மட்டுந்தான். அந்த நேரத்தில் கட்டிலருகே இருப்பவர் ஒருத்தர்தான். அந்த ஒருத்தரை நினைக்க அவளுக்கே மனசு கூசியது. குணசேகருக்குப் பேச்சு வந்திருந்தால் அவனே சொல்லியிருப்பான். அவன் கண்ணைப் பார்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அடுத்த நாள் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு, “வெந்நி பிடிச்சாரேன் மாமா” என்று சொல்லிவிட்டு வெளியே போனவள், சுற்றி வந்து பக்கத்துக் கட்டில் மறைப்புத் துணிக்குப் பின்னால் நின்றாள்.

தம்பியைப் பார்க்க வந்திருந்த அசோகன் வாசலை ஒருமுறை பார்த்தான். தம்பியின் தலைக்கடியிலிருந்த கம்பளியை உருவினான். சாகிறவனை மட்டமாகக் கிடத்த வேண்டும் அல்லவா? மடியிலிருந்து பித்தளைப் பாலாடையை எடுத்தான். குழந்தைக்குப் பால் புகட்டுகிற, மூக்கு வைத்த சின்னப் பாலாடை. சீசாவிலிருந்து பால் ஊற்றி, ஒரு துளசி இலை போட்டான். உதடு ஏதோ முணுமுணுத்தது. பாலாடையைத் தம்பியின் வாயருகே கொண்டு போனான்.

“மாமா!”

அவள் கை பட்ட வேகத்தில் பாலாடை பறந்தது. பால் சுவரெல்லாம் தெறித்தது. கூடியிருந்தவர்கள் பார்த்தது இவ்வளவுதான். ஜோகுபாளையத்துக்கு வந்து சேர்ந்ததும் இவ்வளவுதான்.

“என் தம்பிக்கு நான் பால் விடக் கூடாதா?” என்றான் அசோகன். “எங்கப்பாவ மேல கொண்டாந்தப்ப வாய் நெறைய கல்லுப்பொடி. எங்கம்மா இந்தப் பாலாடைய வெச்சுக்கினு சுரங்க வாசல் கேட்டுகிட்ட நின்னா. எங்க ரெண்டு பேருக்கும் பால் குடுத்த பாலாடை. ஒரு சொட்டு விட முடியல. இவனுக்கும் அப்படி ஆவக் கூடாதுன்னு...”

“இவரு சாவுறாருன்னு யாரு சொன்னாங்க?”

“மூக்குல கொழாய் விட்டா அப்புறம் இன்னா? எந்த நாள்னு எனக்குத் தெரியுமா? அதான் தெனம் ஒரு வாய். அன்னிக்கே போயிட்டான்னா என் கைப் பால் உள்ள இருக்கட்டும்னு.”

தினமும். ஒவ்வொரு நாளும் அதுதான் கடைசி நாள் என்று நினைத்து, ஒவ்வொரு நாளும் ஒரு கடைசிப் பால் விட்டிருக்கிறான். 

“உள்ளதான் கீது மாமா” என்றாள். “வயித்துல இல்ல. நெஞ்சுக்குள்ள. அதான் காய்ச்சலு.”

அசோகன் தம்பியின் நெஞ்சைப் பார்த்தான். அது களகளவென்று ஏறி இறங்கியது.

“நீங்க மேஸ்திரி. தட்டிப் பார்க்காம ஒருத்தனையாவது பாறைக்கு அடியில அனுப்பியிருக்கீங்களா? இவரு தொண்டைய இன்னும் யாரும் தட்டிப் பார்க்கல. கெட்டின்னு டாக்டருங்க சொல்றவரைக்கும் யாரும் உள்ள போவக் கூடாது. நீங்களும் கூடாது, நானும் கூடாது.”

அசோகன் குனிந்து பாலாடையை எடுத்து, துண்டில் சுற்றிக்கொண்டு போனான். அதற்கப்புறம் வார்டுப் பக்கம் வரவில்லை.

சங்கமித்ரா கம்பளியைத் திரும்ப மடித்துத் தலைக்கு வைத்துவிட்டு, நேராகச் சிந்துவிடம் போனாள். “சிஸ்டர், அவருக்கு வாய் வழியா பால் போயிருக்குது. பல நாளா. டாக்டர்கிட்ட சொல்லுங்க.”

“யாரு குடுத்தாங்க?”

“இனிமே குடுக்க மாட்டாங்க.”

“என்னைத் தூண் மாதிரி நின்னு பார்த்தீங்களே, அப்ப நான் இல்லியா?”

“நீங்க இல்ல. தப்பா நினைச்சுட்டேன்.”

சிந்து கட்டிலின் தலைமாட்டைக் காட்டினாள். “வாய் வழியா கொடுக்கக் கூடாதுன்னு முதல் நாளே அட்டை மாட்டியிருக்கோமே?”

“இங்கிலீஷ்லயும் கன்னடத்துலயும் மாட்டினீங்க. எங்க வீட்டுல யாருக்கு அது தெரியும்? ஒரு வாய் வரைஞ்சு, மேல குறுக்கக் கோடு போடுங்க. குருடன் கூட நிப்பான்.”

சிந்துவுக்கு இருந்த கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. “குருடன் எப்படிம்மா பார்ப்பான்?” என்றாள். ஆனாலும் வரைந்தாள். உதடு மீன் மாதிரி வந்தது. பரவாயில்லை, புரிந்தது.

அன்று மாலையே கோமளத்தின் வாசலில் போய் நின்றாள் சங்கமித்ரா. “நீ இல்லக்கா. என் தப்பு.”

“அப்ப யாரு?”

“தெரியல.”

பொய். வாழ்க்கையில் ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள், கூசாமல் சொன்ன பொய். அண்ணனே தம்பியின் நெஞ்சை நிரப்பினான் என்று தெருவுக்குத் தெரிந்தால் அந்த மனிதன் தலை நிமிர மாட்டான். தம்பி பிழைத்தாலும் அண்ணன் பிழைக்க மாட்டான். அதனால் வாயைப் பூட்டிக்கொண்டாள்.

கோமளத்துக்கு ஆறவில்லை. “என்னைச் சந்தேகப்பட்டுட்டு, என் வீட்டுத் தண்ணிய குடிப்பியாடி இப்போ?”

“குடிப்பேன்க்கா. மோந்து பார்த்துட்டு.”

கோமளம் செம்பை டக்கென்று வைத்தாள். உதட்டோரம் சிரிப்பு வந்ததை மறைத்துக்கொண்டாள். ஆனால் லட்சுமம்மாவிடம் சொன்னதைத் திரும்பப் போய் அள்ள முடியுமா? குழாயடியில் கதை காலும் கையும் முளைத்து நடந்துகொண்டிருந்தது. சங்கமித்ரா குடத்தோடு போனால் பேச்சு நிற்கும். அவள் நிறைத்துக்கொண்டு திரும்பினால் மறுபடி தொடங்கும். தம்பியைப் பார்க்க வந்த அண்ணனை அடித்தாளாம். பாலைச் சுவரில் வீசினாளாம். அவளுக்கு எல்லாம் கேட்கும். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பாள்.

அந்தப் பக்கம், ஆஸ்பத்திரியில், களகளப்பு குறைந்தது. காய்ச்சல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து, பிறகு வராமலே போனது. குணசேகருக்கு வலது கையில் கொஞ்சம் பிடி வந்தது. எச்சிலைத் தானே விழுங்கினான். டாக்டர் பார்த்துவிட்டு, தொண்டையைச் சோதிக்கலாம் என்றார். சிந்து அவனை நேராக நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டுத் தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தாள். இறங்கியது. இருமல் வருகிறதா என்று காத்திருந்தாள். வரவில்லை. குரலில் ஈரச் சத்தம் இருக்கிறதா என்று “ஆ” சொல்லச் சொன்னாள். இல்லை.

“பரவாயில்லையேம்மா” என்றாள் சிந்து.

“இன்னொரு தடவ பாருங்க.”

பார்த்தாள். அடுத்த நாளும் பார்த்தாள். அதற்கடுத்த நாளும் சங்கமித்ரா பார்க்கச் சொன்னாள். “இனிமே நீங்களே டாக்டருக்குப் படிச்சிடலாம்” என்று அலுத்துக்கொண்டு, கொஞ்சம் கெட்டியான பாலை ஸ்பூனில் கொடுக்கலாம் என்று சிந்து சொன்ன அன்று, சங்கமித்ரா கோமளத்துக்கு ஆளனுப்பினாள். மாமாவைக் கூட்டிக்கொண்டு வா என்று.

அசோகன் வந்தான். வார்டு வாசலிலேயே நின்றான். கட்டிலில் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அண்ணன் மடியில் கையை விட்டு, துண்டில் சுற்றிய பாலாடையை எடுத்தான்.

“அது வேணாம் மாமா” என்றாள் சங்கமித்ரா. “அது கடகடன்னு ஊத்தும். ஸ்பூன்ல குடுங்க. ஒவ்வொண்ணா. முழுங்கினாரான்னு பார்த்துட்டு அடுத்தது.”

அவன் ஸ்பூனில் பாலை எடுத்து நீட்டினான். பால் தம்பியின் நாக்கில் விழுந்தது. எல்லோரும் அவன் தொண்டையைப் பார்த்தார்கள். மேலே போய்க் கீழே இறங்கியது. அசோகன் அங்கேயே, கோமளத்தின் முன்னால், சிந்துவின் முன்னால், எல்லாவற்றையும் சொல்லி அழுதான். தினமும் தானே கொடுத்ததை, துளசியை, எல்லாவற்றையும். கோமளம் புருஷனை ஒரு பார்வை, ஓரகத்தியை ஒரு பார்வை பார்த்தாள். “தெரியலன்னியேடி!” என்று சங்கமித்ராவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அதே கையால் தடவிக் கொடுத்தாள்.

பின்னால் அசோகன் குழாயடியில் நின்றே இதைச் சொன்னான். கேட்டார்களா? முதலில் வந்த கதைதான் தெருவில் குடியிருக்கும். பின்னால் வந்த உண்மைக்கு வாடகைக்கு இடம் கிடைக்காது. அதனால்தான் இன்னமும் நீங்கள் தட்டிவிட்டாள், தட்டிவிட்டாள் என்கிறீர்கள்.

குழாயை எடுத்து, வாய் வழியாகவே சாப்பிட்டு, கம்பூன்றி நடக்கத் தொடங்கிய பிறகு குணசேகரை வீட்டுக்கு அனுப்பினார்கள். வெளியே போகும் நாள், ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் சங்கமித்ரா. காலை இழுத்து இழுத்து வார்டு வாசல் வரைக்கும் வந்த குணசேகர் சட்டென்று நின்றான். களைத்துவிட்டான் என்று நினைத்து அவள் இறுக்கிப் பிடித்தாள். அவன் கம்பை அண்ணனிடம் கொடுத்துவிட்டு, இடது கையைத் தூக்கி, விரலை மடக்கி, வாசல் நிலையை இரண்டு தட்டுத் தட்டினான். காதைச் சாய்த்துக் கேட்டான்.

“இன்னாடா, கெட்டியா?” அசோகனுக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது.

“கெ...ட்டி” என்றான் குணசேகர், கோணின வாயால்.

“இவரு காது மேல எனக்கு நம்பிக்கை இல்ல” என்று சொல்லிவிட்டு, சங்கமித்ரா தானும் ஒருமுறை தட்டிப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் வாசலைத் தாண்டினாள்.